ஒன்பது நாளாகப் பிங்பாங் பந்தின் மேல் படுத்திருக்கிறாள், என்ன செய்வது?

இரவுப்பணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இந்தக் கோழி வளர்ப்புக் குழுவில் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் கேட்பதற்கு ஒன்று கிடைத்தது.

வீட்டுக்குப் பின்னால் ஐந்து பெட்டைக்கோழிகள் வைத்திருக்கிறேன். சேவல் கிடையாது. சேவல் கூடாது என்பது பக்கத்து வீட்டுக்காரரோடு செய்துகொண்ட ஒப்பந்தம். ஐந்துக்கு மேல் கூடாது என்பது மனைவியோடு செய்துகொண்டது. பெயர் வைத்தது மகள்: டீச்சர், குண்டு, சாம்பல், செவலை, மிளகு. டீச்சர்தான் தலைமை. தீவனத் தட்டில் அவள் வாய் வைத்த பிறகே மற்றவை வாய் வைக்கும். மிளகு கடைசி. ஆள் சிறியவள், கறுப்பில் வெள்ளைப் புள்ளி. இரவில் அடையும் கம்பில் அவளுக்குக் கிடைப்பது ஓரத்து இடம், அதுவும் மற்றவர்கள் மனம் வைத்தால்.

விடைக்கோழிகளாக வந்தபோது, முட்டையிடும் இடம் இதுதான் என்று பழக்குவதற்காக ஒரு பெட்டியில் பிங்பாங் பந்து ஒன்றைப் போட்டு வைத்தேன். அப்புறம் எடுக்க மறந்துவிட்டேன். அந்தப் பந்தின் மேல்தான் மிளகு ஒன்பது நாளாகப் படுத்திருக்கிறாள்.

எனக்கு இரவு வேலை. காலை ஆறு மணிக்கு வந்து வண்டியை நிறுத்தியதும் முதலில் கோழிக்கூண்டைத் திறப்பேன், வீட்டுக் கதவு அதற்குப் பிறகுதான். நான்கும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். மிளகு மட்டும் பெட்டிக்குள்ளே, யாரோ மேலிருந்து அமுக்கிவிட்ட மாதிரித் தட்டையாகக் கிடக்கிறாள். கையை நீட்டினால் இறகெல்லாம் சிலிர்த்து இரண்டு மடங்காகிவிடுகிறாள். தொண்டைக்குள் ஓர் உறுமல். நேற்று கொத்தியும் விட்டாள், இத்தனை நாளில் ஒரு பூச்சியைத் தவிர யாரையும் கொத்தாதவள். தூக்கி வெளியே வைத்தால் வைத்த இடத்திலேயே ஒரு நிமிடம் பிடித்துவைத்த களிமண் போல இருக்கிறாள். பிறகு எழுந்து, கொக் கொக்கென்று புலம்பிக்கொண்டு ஒரு வட்டம் அடித்து, நாலு வாய் தின்று, ஒரே ஓர் எச்சம் போடுகிறாள். என் கைமுட்டி அளவு, நாற்றம் தாங்கவில்லை. போட்டுவிட்டுத் திரும்பவும் பந்துக்கே ஓட்டம். கொண்டை வெளுத்துவிட்டது. மார்பில் இறகு போய் வெறுந்தோல் தெரிகிறது, தொட்டால் சுடுகிறது.

இது சீக்கா, அடையா? அடைதான் என்றால் எழுப்புவது எப்படி? தண்ணீரில் முக்கி எடு, தெளிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை.

பழையகூடை எழுதியது:

தம்பி, சீக்கு இல்லை. அசல் அடைக்கோழி. நீங்கள் எழுதியிருக்கிற ஒவ்வொன்றும் அடைக்கு அடையாளம். மார்பில் வெறுந்தோல் எதற்கு என்றால், உடம்புச் சூடு நேராக முட்டையில் படவேண்டும், நடுவில் இறகு இருந்தால் அது தடுக்கும். எச்சம் பெரிதாக இருப்பது நாள் முழுக்க அடக்கிவைத்து ஒரே தடவையில் போடுவதால். படுத்த இடத்தை அசுத்தம் செய்யமாட்டாள்.

தண்ணீரில் முக்கவே வேண்டாம். அடிவயிற்றுச் சூடு தணிந்தால் அடை தெளியும் என்பது உண்மைதான், அதற்குக் காற்று போதும். அடிப்பக்கம் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்று எடுத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் செங்கல் மேல் நிறுத்துங்கள். வைக்கோல், சாக்கு, துணி எதுவும் உள்ளே கூடாது. தீவனமும் தண்ணீரும் மட்டும். மூன்று நாள் வையுங்கள். நான்காம் நாள் திறந்துவிட்டு நின்று பாருங்கள். மற்றவையோடு போய் மண்ணைக் கிளறினாள் என்றால் தெளிந்துவிட்டாள். நேராகப் பெட்டிக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள். தெளிந்த பிறகும் உடனே முட்டையிடமாட்டாள், இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இல்லையென்றால் கரு உள்ள முட்டை எங்கேயாவது கிடைத்தால் கொண்டுவந்து அடை வையுங்கள். இரண்டில் ஒன்று. பந்தின் மேலேயே விட்டுவைப்பதுதான் கூடாது. பொரித்தால் எழுந்துவிடுவாள். அது எந்தக் காலத்திலும் பொரிக்காது, ஆனால் அவளுக்கு அது தெரியாது. தின்னாமல் கிடந்து இளைத்துப் போவாள்.

இன்னொன்று. இறக்கைக்கு அடியிலும் வால் பக்கத்து மெல்லிய இறகுகளிலும் செள்ளு இருக்கிறதா என்று விலக்கிப் பாருங்கள். அடைக்கோழி மண்ணில் புரளப் போவது குறைவு, அதனால் செள்ளுக்குக் கொண்டாட்டம். இரவில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கம்பின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். சிவப்புச் செள்ளு பகலில் இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் கோழி மேல் ஏறும்.

கதவுக்குமிழ் எழுதியது:

ஒன்பது நாள்தானா? எங்கள் வெள்ளைச்சி கழன்று விழுந்த கதவுக்குமிழ் ஒன்றை மூன்று வாரம் அடைகாத்தாள். அதை எடுத்துவிட்டேன், வெறும் தரையை அடைகாத்தாள். என் பெயர் ஏன் இப்படி இருக்கிறது என்று இங்கே பலர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்குப் பதில் கிடைத்திருக்கும்.

முட்டை வையுங்கள். கேட்கவே வேண்டாம்.

வரிக்குவரி எழுதியது:

நண்பரே, முட்டை வைப்பதென்றால் சில கணக்குகள். முட்டையிட்டு ஏழு நாளுக்குள் உள்ளவையாக எடுங்கள், நாள் ஏறஏறப் பொரிக்கும் வாய்ப்பு குறையும். கொண்டுவந்ததும் கூர்முனை கீழே இருக்கும்படி அரை நாள் அசையாமல் வைத்திருங்கள். அத்தனையையும் ஒரே நேரத்தில் வைக்கவேண்டும். இன்றைக்கு மூன்று, நாளைக்கு நான்கு என்று வைத்தால் முதல் குஞ்சுகள் வந்த ஓரிரு நாளில் தாய் எழுந்துவிடும், பின்னால் வைத்தவை பாதியில் போகும். சிறிய கோழி என்கிறீர்கள், ஆறு ஏழுக்கு மேல் வேண்டாம், வெளியே துருத்திக்கொண்டிருக்கும் முட்டை குளிர்ந்து போகும். பென்சிலால் ஒவ்வொன்றிலும் சுற்றி ஒரு கோடு போடுங்கள், ஏனென்று சீக்கிரமே தெரியவரும். 21 நாள்.

முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. பொரிப்பதில் ஏறக்குறையப் பாதி சேவலாக இருக்கும். சேவல் கூடாது என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்களே?

இரவுப்பணி எழுதியது:

அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

(இந்த வரியை மனைவி பின்னால் நின்று படித்துவிட்டார். ஐந்துக்கு மேல் கூடாது என்பதில் குஞ்சுகள் கணக்கில் வருமா என்று இப்போது எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. இறகு முளைக்கும்வரை வராது என்பது என் வாதம்.)

உண்மையைச் சொன்னால் கம்பிக்கூண்டை நேற்றே தயார் செய்துவிட்டேன். மிளகைத் தூக்கி அதில் விடப் போனேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை, வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. கூட வேலை செய்பவர் ஒருவர் சேவலோடு கோழி வளர்க்கிறார், அவரிடம் ஏழு முட்டை வாங்கிவந்தேன். செள்ளும் பார்த்தேன் அக்கா, இல்லை.

இரவில்தான் வைக்கவேண்டும் என்று இங்கே முன்பு யாரோ எழுதியிருந்தது நினைவில் இருந்தது. நேற்று விடுமுறை. பத்து மணிக்கு விளக்கில்லாமல் போய், முதல் முட்டையை உள்ளங்கையில் மறைத்து அவள் மார்புக்கு அடியில் நகர்த்தினேன். கையின் பின்பக்கத்தில் கொத்தினாள். விட்டுவிட்டு எடுத்தேன். உடனே தலையைக் குனிந்து, அலகின் அடிப்பக்கத்தால் முட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். இழுத்து, உடம்பை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை ஆட்டி, அதன் மேல் இறங்கினாள். இரண்டாவது முட்டைக்கும் அதே. மூன்றாவதற்குக் கொத்தவில்லை. நான்காவதிலிருந்து நான் பக்கத்தில் வைத்தால் போதும், அவளே இழுத்துக்கொண்டாள். ஏழும் உள்ளே போய், வெளியே ஒன்றுகூடத் தெரியவில்லை. இவ்வளவு சிறிய கோழிக்குள் எங்கே போனது என்று புரியவில்லை.

கடைசியாகப் பந்தைத் தேடி எடுத்தேன். அதற்கும் ஒரு கொத்து வாங்கினேன்.

இரவுப்பணி எழுதியது (அடை வைத்து 5ஆம் நாள்):

பென்சில் கோடு எதற்கென்று தெரிந்துவிட்டது. பெட்டிகள் நான்கு இருக்க, டீச்சருக்கு மிளகின் பெட்டிதான் வேண்டுமாம். இன்று காலை பார்க்கிறேன், மிளகின் முதுகின் மேல் ஏறி நின்று, அவளை மெதுவாக ஒரு பக்கம் தள்ளி, உள்ளே உட்கார்ந்து, முட்டையிட்டு, வெளியே வந்து ஊருக்கே கேட்கும்படி கொக்கரிக்கிறாள். மிளகு வாய் திறக்கவில்லை. அந்த முட்டையையும் இழுத்துத் தன் அடியில் வைத்துக்கொண்டாள். எண்ணினால் ஒன்பது இருக்கிறது, இரண்டில் கோடு இல்லை. எடுத்துவிட்டேன்.

பழையகூடை எழுதியது:

தினமும் எடுத்துக்கொண்டிருந்தால் ஒருநாள் உடைத்துவிடுவார்கள் தம்பி. பெட்டிக்கு முன்னால் வலைக்கதவு போட்டு மற்றவற்றைத் தடுங்கள். நாளுக்கு ஒருமுறை நீங்களே திறந்துவிடுங்கள், கால் மணி அரை மணி நேரம் தின்று, குடித்து, எச்சம் போட்டு, மண்ணில் புரண்டு வரட்டும். வந்ததும் மூடிவிடுங்கள்.

இரவுப்பணி எழுதியது (7ஆம் நாள்):

வலைக்கதவு போட்டாயிற்று. இன்றிரவு முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தோம். கைப்பேசி டார்ச்சின் மேல் நடுவில் ஓட்டை போட்ட அட்டையை வைத்து, அதன் மேல் முட்டையின் அகன்ற பக்கம். மகள்தான் பிடித்தாள். முதல் முட்டை வெறும் மஞ்சள் வெளிச்சம், கூமுட்டை. இரண்டாவதில் ஒரு சிலந்தி, சிவப்பு நூல்களில் கால் நீட்டி நடுவில் நின்றது. நான் வாய் திறப்பதற்குள் நடுவில் இருந்த கறுப்புப் புள்ளி அசைந்தது. மகள் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டாள். (முட்டையைப் போடவில்லை.)

ஆறு நன்றாக இருக்கின்றன.

இரவுப்பணி எழுதியது (11ஆம் நாள், மாலை):

யாராவது இருக்கிறீர்களா? பெரிய தப்பு செய்துவிட்டேன்.

காலை எட்டரைக்கு வலைக்கதவைத் திறந்து மிளகை வெளியே விட்டேன். அவள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று படியில் உட்கார்ந்தேன். இரவு முழுக்க வேலை. சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது. பாதித் தூக்கத்தில் எழுந்து உள்ளே போய்ப் படுத்தும் விட்டேன் போல. இரண்டே முக்காலுக்கு எழுந்து ஓடினேன். மிளகு பெட்டியில்தான் இருந்தாள், ஆனால் பக்கத்துப் பெட்டியில். சாம்பல் அன்று காலை போட்ட ஒற்றை முட்டையை ஆறு முட்டைக்கும் சேர்த்து மும்முரமாக அடைகாத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஆறும் திறந்து கிடந்தன. கை வைத்தால் சில்லென்று இருக்கிறது. ஆறு மணி நேரம் ஆகியிருக்கும்.

அவளைத் தூக்கிச் சரியான பெட்டியில் விட்டேன், உடனே உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்த மாதிரி இல்லை. எல்லாம் போயிற்றா? மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

வரிக்குவரி எழுதியது:

எறிந்துவிடாதீர்கள். பாதி வளர்ந்த கரு சில மணி நேரக் குளிரைப் பெரும்பாலும் தாங்கிவிடும், வளர்ச்சி மெதுவாகும், அவ்வளவுதான். நீடித்த அதிகச் சூடுதான் இதைவிட ஆபத்து. இப்போது எடுத்துப் பார்ப்பதில் பயன் இல்லை, மூன்று நாள் கழித்து வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே சிவப்பு வளையம் போலத் தெரிந்தால் கரு செத்துவிட்டது. அசைவு தெரிந்தால் பிழைத்தது. நாள் கணக்கில் மட்டும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள், தாமதமாகலாம்.

கதவுக்குமிழ் எழுதியது:

கோழிக்குத் தெரிவது இடம், முட்டை இல்லை. வரிசையில் ஒரே மாதிரி நான்கு பெட்டி இருந்தால் எந்தக் கோழியும் குழம்பும். மிளகின் பெட்டிக்கு முன்னால் அடையாளமாக ஏதாவது தொங்கவிடுங்கள். நான் பழைய சிவப்புத் துணி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். துணியைப் பார்த்துத்தான் வருகிறதா என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் கட்டிய பிறகு மாறிப் போய்ப் படுக்கவில்லை.

அப்புறம், தூங்கிவிட்டதற்காக மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். வேலை முடிந்து வந்த மனுஷன் தூங்காமல் என்ன செய்வான்?

இரவுப்பணி எழுதியது (14ஆம் நாள்):

ஐந்து.

ஒன்றில் சிவப்பு வளையம். மற்ற ஐந்தும் உள்ளே ஏறக்குறைய முழு இருட்டு, மேலே காற்றறை மட்டும் வெளிச்சமாக, அதன் ஓரத்தில் ஏதோ ஒன்று உதைக்கிறது. சிவப்புத் துணி கட்டினேன். மகளிடமும் சொல்லிவிட்டேன். "அப்பா, நீங்க தூங்கினதை நான் பார்த்தேன், எழுப்பக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க" என்றாள். ஆக, குற்றம் மூன்று பேர் மேலும் இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது.

பழையகூடை எழுதியது:

18ஆம் நாளுக்குப் பிறகு முட்டையைத் தொடாதீர்கள், வெளிச்சமும் காட்டாதீர்கள். குஞ்சு வெளியே வரும் நிலைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். அவளும் வெளியே வருவதைக் குறைத்துவிடுவாள். தண்ணீரைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆழமான பாத்திரம் வேண்டாம். குஞ்சு வந்த பிறகு அதே பாத்திரத்தில் கூழாங்கல் நிரப்பி, கல்லிடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். விரலளவு தண்ணீரிலும் குஞ்சு மூழ்கிச் சாகும், நான் பார்த்திருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது (21ஆம் நாள், இரவு):

21 முடிந்துவிட்டது. ஒன்றும் இல்லை. நேற்று சாயங்காலம் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்தபோது உள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்ததாக எனக்குத் தோன்றியது. மனைவி அது என் மூக்கு என்கிறார்.

ஆனால் மிளகின் குரல் மாறிவிட்டது. உறுமல் இல்லை. அடித்தொண்டையில், மெதுவாக, டுக் டுக் டுக் என்று தன் வயிற்றைப் பார்த்துப் பேசுகிறாள்.

வரிக்குவரி எழுதியது:

அப்படியானால் அது உங்கள் மூக்கு இல்லை. ஓடு விரிசல் விடுவதற்கு முன்பே குஞ்சு காற்றறைக்குள் அலகை நீட்டி மூச்சு விடத் தொடங்கும், அப்போதே சத்தமும் போடும். தாய் பதில் சொல்கிறது. பொறுங்கள், அந்த ஆறு மணி நேரத்துக்கான கடனைத் தீர்க்கிறீர்கள்.

இரவுப்பணி எழுதியது (22ஆம் நாள்):

காலை ஆறு ஐந்துக்கு வந்தேன். மிளகின் இறக்கையிலிருந்து ஈரமான ஒரு தலை வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

மதியத்துக்குள் மூன்று. நான்காவது முட்டையில் நட்சத்திரம் போல ஒரு விரிசல், அதில் அலகு நுனி தெரிகிறது, பத்து மணியிலிருந்து அப்படியே நிற்கிறது. உள்ளே கத்துகிறது. ஓட்டைக் கொஞ்சம் உரித்து உதவலாமா? மகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறாள்.

பழையகூடை எழுதியது:

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். ஓட்டுக்கு அடியில் இருக்கிற சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் முழுசாகப் போயிருக்காது. உரித்தால் ரத்தம் கசியும். முதல் விரிசலுக்குப் பிறகு ஒரு நாள்கூட ஆகலாம். ஓய்வெடுத்து ஓய்வெடுத்துத்தான் வெட்டும். சுற்றிலும் வெட்ட ஆரம்பித்தால் அப்புறம் சீக்கிரம் முடிந்துவிடும்.

வெளியே வந்த மூன்றும் தின்னவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உள்ளே இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு இரண்டு நாளைக்குத் தாங்கும். பின்னால் வருபவற்றுக்காகத் தாய் எழாமல் காத்திருக்க முடிவது அதனால்தான்.

இரவுப்பணி எழுதியது (23ஆம் நாள்):

இரவு விடுப்பு எடுத்தேன். காரணம் கேட்டார்கள், வீட்டில் பிரசவம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

நான்காவது குஞ்சு இன்று விடியற்காலை மூன்றேகாலுக்கு வந்தது, விரிசல் விட்டுப் பதினேழு மணி நேரம். ஓட்டின் அகன்ற பக்கத்தை ஒரு மூடி போலச் சுற்றி வெட்டி, காலால் உதைத்துத் தள்ளியது. தள்ளிவிட்டு அங்கேயே மல்லாந்து தூங்கிவிட்டது. அந்த ஒன்றை மட்டும் என் குணம் என்று மனைவி சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வரவில்லை. மிளகு மாலையில் நான்கையும் கூட்டிக்கொண்டு பெட்டியை விட்டு இறங்கிவிட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. முட்டையைக் காதில் வைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. மகள் தோட்டத்தில் புதைத்தாள்.

கதவுக்குமிழ் எழுதியது:

நான்கு! தின்ன என்ன கொடுக்கிறீர்கள்? முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகள் தின்ன விடாதீர்கள். அதில் ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து அதிகம், வளரும் குஞ்சுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லோருக்கும் குஞ்சுத் தீவனமே போட்டுவிட்டு, பெரியவர்களுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனித் தட்டில் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தேவையானவள் தேவையான அளவு தின்பாள். எச்சத்தில் ரத்தம் தெரிந்து குஞ்சு சோர்ந்து நின்றால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒருமுறை இருந்துவிட்டேன், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இரவுப்பணி எழுதியது (குஞ்சுகளுக்கு 9 நாள்):

தீவனம் மாற்றியாயிற்று. இன்று எழுதுவது டீச்சரைப் பற்றி.

இதுவரை குஞ்சுகளுக்குத் தனித் தடுப்பு. இன்று முதன்முறையாகத் திறந்துவிட்டேன். கையில் முறம் வைத்துக்கொண்டு நடுவராக நின்றேன். டீச்சர் வழக்கம்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டுக்கு வந்தாள். வரும் வழியில் ஒரு குஞ்சு. தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். கொத்துவதற்குக் கழுத்தைப் பின்னால் இழுத்தது வரைதான் எனக்குத் தெரியும். அடுத்து நான் பார்த்தது டீச்சரின் முதுகில் மிளகு. இறக்கை விரித்து, கழுத்திறகு குடைபோல நின்று, முன்பு பார்த்த அந்தச் சிறிய கோழிதானா இது என்று இருந்தது. டீச்சர் கத்திக்கொண்டு முருங்கைமரத்தைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடினாள். மிளகு ஒன்றரை வட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, எதுவும் நடக்காதது போலத் தட்டுக்கு வந்து, ஒரு மணியை எடுத்துக் கீழே போட்டு, டுக் டுக் என்று குஞ்சுகளைக் கூப்பிட்டாள். மற்ற மூன்று பெட்டைகளும் தட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தன. அவள் தின்னும்வரை ஒருத்தியும் வாய் வைக்கவில்லை.

முறத்துக்கு வேலையே வரவில்லை.

வரிக்குவரி எழுதியது:

அருமை. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை இருப்பதை முதலில் முறையாக எழுதிவைத்தவர் நார்வேக்காரரான ஷெல்டெரப் எப்பே, 1920களின் தொடக்கத்தில். சிறுவயதிலிருந்தே கோழிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர். குஞ்சோடு இருக்கும் தாய் வரிசையில் மேலே ஏறுவது பலரும் பார்த்ததுதான். குஞ்சுகளை விட்ட பிறகு அந்த இடத்தைத் தக்கவைத்துக்கொள்கிறாளா என்பதைக் கவனித்து எழுதுங்கள், சில கோழிகள் பழைய இடத்துக்கே இறங்கிவிடும்.

இரவுப்பணி எழுதியது (7 வாரம்):

கேட்டீர்களே, சொல்கிறேன்.

முந்தாநாள் சாயங்காலம் மிளகு குஞ்சுகளைத் தரையில் விட்டுவிட்டுக் கம்பில் ஏறிவிட்டாள். நான்கும் கீழே நின்று அண்ணாந்து கத்தின. இறங்கவில்லை. அவை மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஒரு மூட்டையாகத் தூங்கின. மகளுக்குத் தாங்கவில்லை, போய்ப் போய்ப் பார்த்தாள். நேற்று தட்டில் ஒரு குஞ்சு பக்கத்தில் வந்தபோது மிளகே தலையில் ஒரு கொத்துக் கொடுத்துத் துரத்தினாள். இன்று காலை கொண்டையில் பழைய சிவப்பு. பெட்டியில் ஒரு முட்டை, சின்னதாக.

தட்டில் டீச்சர்தான் மறுபடி முதல். அதில் மாற்றம் இல்லை. ஆனால் கம்பில் மிளகு படுப்பது ஓரத்தில் இல்லை, குண்டுக்கும் செவலைக்கும் நடுவில். மூன்று இரவாகப் பார்க்கிறேன். டார்ச் அடித்ததில் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

பழையகூடை எழுதியது:

குஞ்சை விலக்கிவிட்டால் முட்டைக்குத் தயார் என்று அர்த்தம். மகளிடம் சொல்லுங்கள், அது கோபம் இல்லை. நான்கில் கொண்டை பெரிதாகச் சிவந்து, கால் தடித்து நிற்பது எத்தனை?

இரவுப்பணி எழுதியது:

இரண்டு அக்கா. அதில் ஒன்று அந்த மூன்றேகால் மணிக்காரன்.

வரிக்குவரி எழுதியது:

இரண்டு சேவல் என்றால் இன்னொரு தகவல். ஜப்பானில் செய்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, ஒரே கூட்டத்தில் இருக்கும் சேவல்கள் அதிகாலையில் வரிசைப்படிதான் கூவும் என்று சொல்கிறது. தலைவன் முதலில், மற்றவை அவனுக்குப் பிறகு. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு இது ஆறுதலாக இருக்காது என்று தெரியும்.

இரவுப்பணி எழுதியது (9 வாரம்):

முட்டை கொடுத்த நண்பர் சேவல் இரண்டையும் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் இரண்டு வாரம் கழித்து வருகிறாராம். பெட்டைக்குஞ்சு இரண்டும் எங்களுக்கு. ஏழு என்பது ஐந்துக்கு மேல் இல்லையா என்று மனைவி கேட்டார். அவர் மடியில் அப்போது ஒரு குஞ்சு தூங்கிக்கொண்டிருந்தது, அதனால் நான் பதில் சொல்லவில்லை.

இன்று காலை ஆறு பத்துக்குக் கூண்டைத் திறந்தேன். மூன்றேகால் மணிக்காரன் செங்கல் மேல் ஏறி நின்றான். கழுத்தை நீட்டினான். தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவனே பயந்துபோய்ச் செங்கலிலிருந்து விழுந்தான்.

பக்கத்து வீட்டு மாடியில் சன்னல் திறந்தது.

அவரிடம் என்ன சொல்வது? சீக்கிரம் யாராவது எழுதுங்கள், கேட் சத்தம் கேட்கிறது.